காலை 9:40: பேஸ்பால் இல்லாத மாதங்களை எப்படிக் கடப்பது

எனக்கு விமானப் பராமரிப்பு வேலை. சாங்கியில் இரவு ஷிஃப்ட். காலை ஏழு மணிக்கு ஹேங்கரை விட்டு இறங்கினால் எட்டு மணிவாக்கில் பாசிர் ரிஸ் வீட்டுக்கு வந்துவிடுவேன். குளித்து, சாப்பிட்டு, ஒரு கிளாஸ் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) போட்டுக்கொண்டு உட்காரும்போது மணி 9:40 ஆகியிருக்கும். சியாட்டிலில் அது முந்தின நாள் மாலை 6:40. என் அணியான சியாட்டில் மரினர்ஸ் சொந்த மைதானத்தில் ஆடும் வார நாள்களில் பெரும்பாலும் முதல் பந்து விழும் நேரம். அணி கிழக்குக் கரைக்குப் போய்விட்டால் இன்னும் வசதி. நியூயார்க்கில் மாலை ஏழு என்றால் கோடைக்காலத்தில் நமக்கும் ஏழு மணிதான், காலை ஏழு. எதிர்வீட்டுக்காரர் எம்ஆர்டிக்கு ஓடும் நேரத்தில் நான் வீடு வந்து மீதி ஆட்டத்தைப் பார்ப்பேன், முடிந்ததும் தூங்கப் போவேன். இருபது வருடத்துக்கு மேலாக என் உடம்பு இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

நவம்பர் வந்தால் அந்த மூன்று மணி நேரம் காலியாகிவிடும். உலகத் தொடர் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) முடிவதிலிருந்து மார்ச் கடைசி வாரம்வரை, ஏறக்குறைய ஐந்து மாதம். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இந்தச் சிரமம் புரிவது கொஞ்சம் கடினம். உலகத்தின் ஏதாவது ஒரு மூலையில் அவர்களுக்கு ஆட்டம் இருந்துகொண்டே இருக்கும். நமக்கு 162 ஆட்டம் தினமும் சோறு மாதிரி வந்துவிட்டுச் சட்டென்று நின்றுபோகிறது.

ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓதானியைப் பார்த்துப் பேஸ்பாலுக்குள் வந்த தம்பிகள் சிலர் எங்கள் ஹேங்கரில் இருக்கிறார்கள். "அண்ணே, இந்த அஞ்சு மாசத்த எப்படி ஓட்டுறீங்க?" என்று ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில், தோல்வியைத் தோல்வியாகவே விடுங்கள்

2025 தீபாவளி சிங்கப்பூரில் அக்டோபர் 20, திங்கட்கிழமை. அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, மரினர்ஸ் ஆடிய அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தைப் பார்த்தேன். நாலு ஆட்டம் ஜெயிப்பவர் உலகத் தொடருக்குப் போவார். டொராண்டோ புளூ ஜேஸ் 6-2 என்று ஜெயித்தது. தொடர் 3-3. ஏழாவது ஆட்டம் மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு. மேசையில் முறுக்கும் அதிரசமும் மீந்திருந்தன. நான் விடுப்பு எடுத்திருந்தேன்.

மரினர்ஸ் 1977-ல் தொடங்கிய அணி. இதுவரை ஒருமுறைகூட உலகத் தொடரில் ஆடியதில்லை. 2001-ல் 116 ஆட்டம் ஜெயித்தும் போக முடியவில்லை. அதற்குப் பிறகு பிளேஆஃப் வாசலையே மிதிக்க 2022 ஆயிற்று. இப்போது ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸில் 3-1 என்று முன்னிலை. இன்னும் எட்டே அவுட் எடுத்தால் போதும் என்ற நிலையில் டொராண்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் பந்தை வேலிக்கு மேலே அனுப்பி மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். 4-3. அப்படியே முடிந்துபோயிற்று.

நான் ஆட்டம் பார்க்கும்போது ஸ்கோர் புத்தகத்தில் எழுதுவேன். ஸ்பிரிங்கரின் பந்து வேலிக்கு மேலே போனதும் பென்சிலைக் கீழே வைத்தேன். அதன் பிறகு எழுதவில்லை. அந்தப் பக்கம் பாதியிலேயே நின்றது.

புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் ஒரு வாரம் அலசல், வீடியோ, நிபுணர் பேச்சு எதுவும் வேண்டாம். பயிற்சியாளர் ஏன் அந்தப் பிட்சரை (பந்து வீசுபவரை) இறக்கினார், ஏன் இவரை இறக்கவில்லை என்ற வாதத்தில் இறங்கினால் தூக்கம் போகும். ஷிஃப்ட் வேலை செய்பவர்களுக்குத் தூக்கம் முக்கியம். நாலைந்து நாள் ஆட்டத்தைப் பற்றி வீட்டில் யாரும் கேட்காமல் இருந்தாலே போதும். என் மனைவி அன்று ஒன்றும் சொல்லவில்லை. தே ஓ ஆறிப்போனதைப் பார்த்து இன்னொரு கிளாஸ் கொண்டுவந்து வைத்தார்.

ஆனால் உலகத் தொடரைப் பாருங்கள். நம் அணி இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் வருடத்தின் கடைசி ஆட்டங்களை இழந்துவிடுவீர்கள். முதல் இரண்டு ஆட்டங்களை நானும் தவறவிட்டேன், பார்க்க மனம் வரவில்லை. மூன்றாவது ஆட்டத்துக்கு உட்கார்ந்தேன், அது 18 இன்னிங்ஸ் போயிற்று. காலை எட்டுக்குத் தொடங்கியது, ஃப்ரெடி ஃப்ரீமன் ஹோம் ரன் அடித்து முடித்தபோது நம் கடிகாரத்தில் மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. தொடரின் ஏழாவது ஆட்டம் நவம்பர் 2, ஞாயிறு காலை. பதினோராவது இன்னிங்ஸில் வில் ஸ்மித் ஹோம் ரன் அடிக்க, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் 5-4 என்று டொராண்டோவை வென்றது. நம்மைத் தோற்கடித்த டொராண்டோ ரசிகர்கள் அழுததைப் பார்த்தபோது அவர்கள்மேல் இருந்த கோபம் எனக்குப் போய்விட்டது. அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் மார்ச்வரை அந்தக் கோபத்தைச் சுமந்திருப்பேன்.

நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்

இதுதான் முக்கியமானது, மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான். ஆட்டம் இல்லை என்று 9:40-ஐ விட்டால் அந்த நேரத்தில் போனில் விரல் தள்ளுவோம், அல்லது படுத்துவிடுவோம். மார்ச்சில் ஆட்டம் திரும்ப வரும்போது உட்காரும் பழக்கமே போயிருக்கும். நான் ஒரு வருடம் அப்படி விட்டேன். ஏப்ரல் முழுக்க ஐந்தாவது இன்னிங்ஸில் நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.

அதனால் நவம்பர் இரண்டாவது வாரத்திலிருந்து வாரத்துக்கு மூன்று காலை அதே நாற்காலியில், அதே தே ஓவுடன் உட்காருவேன்.

"என்னங்க, மேட்ச்தான் இல்லையே, இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கீங்க?" என்றார் மனைவி முதல் வருடம்.

"பழைய மேட்ச் பார்க்கிறேன்."

"யாரு ஜெயிச்சாங்கன்னு தெரிஞ்சுமா?"

தெரிந்துதான். தெரிந்த ஆட்டத்தில் வேறு விஷயங்கள் கண்ணில் படும். நேரடி ஒளிபரப்பில் பந்தைப் பார்ப்போம். இரண்டாவது தடவை ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்பவர்) எங்கே நிற்கிறார், கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) கையுறையை எங்கே காட்டுகிறார், முதல் தளத்தில் நிற்பவர் எத்தனை அடி தள்ளி நிற்கிறார் என்று பார்க்கலாம். மீதி நாலு காலை வீட்டுக்கு. தேக்கா சந்தைக்குப் போவது, மாமியாரை பாலிகிளினிக்குக் கூட்டிப்போவது, ஏர்கான் சுத்தம் பண்ணுவது. சீசனில் வீடு நமக்கு விட்டுக்கொடுத்த காலைகளைத் திருப்பிக் கொடுக்க இந்த ஐந்து மாதம்தான் இருக்கிறது. அதை மனதாரச் செய்யுங்கள். ஏப்ரலில் யாரும் உங்களை எழுப்பமாட்டார்கள்.

என்ன ஆட்டம் பார்ப்பது? உங்கள் அணியின் நல்ல நாள்களைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் போடுங்கள். என் பட்டியல் இப்படி: 1995 அக்டோபர் 8, யாங்கீஸுக்கு எதிரே பதினோராவது இன்னிங்ஸில் எட்கர் மார்ட்டினெஸ் இடது பக்கம் அடித்த டபுள் (இரண்டு தளம் போகும் அடி), முதல் தளத்திலிருந்து கென் கிரிஃபி ஜூனியர் ஓடிவந்து சறுக்கி ஜெயித்துக் கொடுத்தது. 2022 செப்டம்பர் 30, ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆன பிறகு கேல் ராலி ஹோம் ரன் அடித்து 21 வருடக் காத்திருப்பை முடித்தது. 2025 டெட்ராய்ட் டைகர்ஸுடன் 15 இன்னிங்ஸ். இவை மூன்றும் மனம் சோர்ந்திருக்கும் நாளுக்கு. மனம் அமைதியாக இருக்கும் நாளுக்கு 2012 ஆகஸ்ட் 15, ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் வீசிய பர்ஃபெக்ட் கேம், எதிரணியில் ஒருவர்கூட முதல் தளத்தைத் தொடாத ஆட்டம். அதைப் பார்க்கும்போது ஸ்கோர் புத்தகம் கட்டாயம்.

ஸ்கோர் எழுதப் பழகுங்கள்

2001 மே மாதம், நிறுவனம் என்னைப் பயிற்சிக்காக ஆறு வாரம் சியாட்டில் பக்கம் அனுப்பியது. போயிங் 777 செய்யும் எவரெட் அங்கேதான் இருக்கிறது. வயது எனக்கு இருபத்தெட்டு. பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. எங்களுக்குப் பாடம் நடத்திய பெரியவர் ஒரு மாலை எங்கள் நாலு பேரை ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். மைதானத்துக்குப் பக்கத்திலேயே ரயில் தண்டவாளம். ஆட்டம் நடக்கும்போதே சரக்கு ரயில் ஊதிக்கொண்டு போகும். இச்சிரோ அப்போதுதான் ஜப்பானிலிருந்து வந்த புதியவர். ஷார்ட்ஸ்டாப் பக்கம் மெதுவாக உருண்ட ஒரு பந்து, அவுட் என்று நினைத்தேன். இச்சிரோ அதற்குள் முதல் தளத்தைத் தாண்டிவிட்டார். பெரியவர் பென்சிலால் கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் 6 என்று எழுதி என்னிடம் காட்டினார். அன்றுதான் இந்த ஆட்டம் எனக்குப் புரியத் தொடங்கியது.

நீங்களும் கற்றுக்கொள்ளலாம், ஒரு காலை போதும். அச்சிட்ட ஸ்கோர் புத்தகம் தேடி அலையவேண்டாம். பாப்புலர் புத்தகக்கடையில் கிடைக்கும் கட்டம் போட்ட நோட்டுப்புத்தகமே போதும். இடது பக்கம் ஒன்பது பேட்டர்களின் பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாக. மேலே வலப்புறமாக 1 முதல் 9 வரை இன்னிங்ஸ். ஒவ்வொரு பேட்டருக்கும் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் ஒரு கட்டம், அதற்குள் சின்னதாக ஒரு வைரம் (முனையில் நிற்கும் சதுரம்) வரையுங்கள். வைரத்தின் நாலு முனைகள் நாலு தளங்கள். ஆள் எந்தத் தளம்வரை போனாரோ அதுவரை கோட்டைத் தடிப்பாக்குங்கள். முழுதாகச் சுற்றி வந்தால் வைரத்தை நிரப்பிவிடுங்கள், அது ஒரு ரன். பக்கத்தைப் புரட்டும்போதே கருப்பு வைரங்களை எண்ணி ஸ்கோர் சொல்லிவிடலாம்.

களத்தில் நிற்பவர்களுக்குப் பெயர் எழுதுவதில்லை, எண் எழுதுகிறோம். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் தளம் 3, இரண்டாம் தளம் 4, மூன்றாம் தளம் 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடது 7, நடு 8, வலது 9. ஷார்ட்ஸ்டாப் 6 என்பதுதான் புதியவர்களைக் குழப்பும். ஐந்தாம் எண்ணுக்கும் நான்காம் எண்ணுக்கும் நடுவே ஆறாம் எண் நிற்கிறார். இரண்டு ஆட்டம் எழுதினால் பழகிவிடும். ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் தளத்துக்கு எறிந்து அவுட் ஆக்கினால் 6-3. இரட்டை அவுட் 6-4-3 என்றால் பந்து எந்த வழியாகப் போனது என்று கண்ணை மூடினாலும் தெரியும்.

மூன்று ஸ்ட்ரைக் (அடிக்காமல் விட்ட நல்ல பந்து, அல்லது வீசித் தவறவிட்ட பந்து) வாங்கி அவுட் ஆனால் கே, ஆங்கில K. மட்டையை வீசித் தவறவிட்டவருக்கு நேர் கே. பந்தைப் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனவருக்குக் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிய கே. இந்த ஒரு வித்தியாசம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவர் போராடித் தோற்றாரா, ஏமாந்து நின்றாரா என்று பத்து வருடம் கழித்தும் அந்தப் பக்கம் சொல்லும்.

ஃபெலிக்ஸின் ஆட்டத்தை எழுதிப் பாருங்கள். டாம்பா பே ரேஸின் பக்கத்தில் 27 கட்டம், ஒரு வைரத்தில்கூடக் கோடு இல்லை. அதில் பன்னிரண்டு கே. கடைசி ஆள் ஷான் ரோட்ரிகஸ், திரும்பிய கே. மரினர்ஸ் பக்கத்திலும் நிரப்பிய வைரம் ஒன்றே ஒன்றுதான், 1-0. மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுக் கோடே இழுக்காமல் விட்டதுபோல அவ்வளவு சுத்தமான பக்கம். அந்த ஆட்டம் நடந்தபோது நமக்கு விடிகாலை நாலு மணி, நான் ஒரு இயந்திரத்தின் அடியில் படுத்திருந்தேன். பிறகு பதிவில் பார்த்து எழுதிய பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

செய்திகளைப் படிக்கும் விதம்

ஆட்டம் இல்லாவிட்டாலும் செய்தி நிற்காது. அமெரிக்காவில் இதை ஹாட் ஸ்டவ் என்பார்கள். பனிக்காலத்தில் கடையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து யார் எந்த அணிக்குப் போவார் என்று பேசிய பழக்கத்திலிருந்து வந்த பெயர். நமக்கு அடுப்பு காப்பிக்கடையில்தான், வெளியே பருவமழை.

சில விதிகள் தெரிந்தால் செய்தியில் உள்ள பாதிக் குழப்பம் தீரும். ஒரு ஆட்டக்காரர் பெரிய லீகில் ஆறு வருடச் சேவை முடித்து, ஒப்பந்தமும் முடிந்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட். எந்த அணிக்கும் போகலாம். முதல் மூன்று வருடம் ஏறக்குறைய அணி வைத்ததுதான் சம்பளம், அடுத்த மூன்று வருடம் நடுவர் முன்னிலையில் பேரம். டிசம்பரில் எல்லா அணி நிர்வாகிகளும் ஓரிடத்தில் கூடுகிறார்கள், அதுதான் குளிர்காலக் கூட்டம். அந்த மூன்று நாலு நாள் செய்தி கொட்டும். அப்போது "பேச்சு நடக்கிறது", "ஆர்வம் காட்டுகிறது" என்ற சொற்களைத் தாண்டிப் போய்விடுங்கள். கையெழுத்தாகி, அணியே அறிவித்ததை மட்டும் நோட்டில் எழுதுங்கள். நான் இரண்டே நெடுவரிசை வைத்திருக்கிறேன்: வந்தவர், போனவர். 2025 நவம்பரில் முதல் வரி நல்ல வரி. ஜோஷ் நெய்லர் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்திட்டார். ஜூலையில் வந்தவர், போய்விடுவார் என்று பயந்திருந்தேன். அன்று ஹேங்கரில் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

ஜனவரியில் ஹால் ஆஃப் ஃபேம் (ஓய்வுபெற்ற பெரிய ஆட்டக்காரர்களுக்கான கௌரவம்) வாக்கு முடிவு வரும். 75 விழுக்காடு வேண்டும்; ஐந்துக்குக் கீழே போனால் பெயர் பட்டியலை விட்டே போகும்; அதிகபட்சம் பத்து வருடம். எட்கர் மார்ட்டினெஸ் பத்தாவது, கடைசி வருடத்தில்தான், 2019-ல் உள்ளே போனார். இச்சிரோ 2025-ல் முதல் வருடமே, 394 வாக்கில் 393. அதே பட்டியலில் ஃபெலிக்ஸுக்கு 20.6 விழுக்காடு. எட்கருக்காகப் பத்து ஜனவரி காத்தவன் நான், ஃபெலிக்ஸுக்காகவும் காத்திருப்பேன்.

வேறு இடத்தில் ஆட்டம் இருக்கிறது

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலிய லீக் நவம்பரில் தொடங்குகிறது. அதில் பெர்த் ஹீட் என்று ஓர் அணி. பெர்த்தும் சிங்கப்பூரும் ஒரே கடிகாரம், அங்கே மாலை ஏழு என்றால் இங்கேயும் மாலை ஏழு. பகல் வேலை பார்க்கும் ரசிகர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. என்னைப்போல் காலை ஆள்களுக்கு டொமினிகன் குளிர்கால லீக். அந்த ஊருக்கும் நமக்கும் வருடம் முழுவதும் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம். ஆறு அணி, அவற்றில் லிசே, எஸ்கோஹிடோ இரண்டும் ஒரே மைதானத்தைப் பங்கு போட்டுக்கொள்பவை. அவர்கள் மோதும் நாளில் மேளமும் ஊதலும் ஒன்பது இன்னிங்ஸும் ஓயாது. வர்ணனை ஸ்பானிய மொழியில் இருக்கும். பரவாயில்லை. ஸ்கோர் எழுதத் தெரிந்தவருக்கு மொழி தடையில்லை, 6-4-3 எல்லா ஊரிலும் 6-4-3.

கையுறையை எடுங்கள்

என் மகள் உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக சாஃப்ட்பால் எடுத்தாள். அவளுக்காக வாங்கிய கையுறை ஒன்று, எனக்கு ஒன்று. ஒரு வருடம் இரண்டையும் வீட்டின் பாம் ஷெல்டர் அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரி எண்பது விழுக்காட்டுக்கு மேல். பிப்ரவரியில் எடுத்தால் உள்ளங்கை முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சை, தோல்வார் விறைத்துப்போய்விட்டது. என்னுடையதைக் காப்பாற்ற முடிந்தது, மகளுடையதைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. அவள் அழவில்லை, ஆனால் எனக்கு இன்றுவரை வருத்தம்.

அதனால் அக்டோபர் முடிந்ததும் கையுறையைக் கவனியுங்கள். உலர்ந்த துணியால் விரல் இடுக்குவரை துடையுங்கள். பூஞ்சைப் புள்ளி தெரிந்தால் வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, துணியில் தொட்டு லேசாகத் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் காயவிடுங்கள். வெயிலில் வைக்கக்கூடாது, தோல் வெடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு கையுறைக்கென்று விற்கும் எண்ணெயை விரல் நுனியில் ஒரு பொட்டு எடுத்து, உள்ளங்கையிலும் வார்களிலும் தேயுங்கள். ஒரு பொட்டு என்றால் ஒரு பொட்டுதான். நிறைய ஊற்றினால் கனத்துப் போகும், அந்த ஈரத்தில் பூஞ்சை திரும்ப வரும். நடுவில் ஒரு பந்தை வைத்து, பழைய வேட்டிக் கிழிசலால் கட்டி, காற்றோட்டமான அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். கேமராவுக்கு உலர் பெட்டி வைத்திருப்பவர்கள் அதிலேயே ஓர் இடம் ஒதுக்கலாம்.

வாரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து வெளியே எடுத்துப் போங்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தள வாய்ட் டெக்கில் பந்து விளையாடக்கூடாது. நாங்கள் பாசிர் ரிஸ் பூங்காவுக்குப் போகிறோம், மாலை ஐந்தரைக்கு, கடற்கரைப் பக்கப் புல்வெளிக்கு. மகளுக்கு இப்போது இருபத்தொன்று, பாலிடெக்னிக் முடித்துவிட்டாள். பத்தடி தள்ளி நின்று தொடங்குவோம், ஒவ்வொரு பத்துப் பந்துக்கும் இரண்டடி பின்னால். பேஸ்பால் பந்தைக் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். சிவப்பு நூலில் 108 இரட்டைத் தையல், நம் கோயிலில் சுற்றும் கணக்கு. குதிரைலாடம்போல் தையல் வளையும் இடத்தில் இரண்டு விரலைக் குறுக்கே வைத்துப் பிடித்தால் பந்து நேராகப் போகும். கையைவிட்டுப் போகும் கணத்தில் தையல் விரல் நுனியை உரசும். அந்த உரசல் நினைவில் இருந்தால், தொலைக்காட்சியில் பிட்சர் பந்தை விடும்போது உங்கள் விரலும் அதை உணரும். அரை மணி நேரம் போதும். எதிரே ஆள் இல்லாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பந்தைக் கையுறைக்குள் போட்டு எடுத்துக்கொண்டிருக்கலாம், தோல் இளகும்.

பிப்ரவரிக்குள் செய்யவேண்டியது ஒன்று

2026-ல் தைப்பூசத்துக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நடுவே பிட்சர்களும் கேட்சர்களும் அரிசோனாவின் பியோரியாவில் முகாமுக்கு வந்துவிடுவார்கள். மாத முடிவில் பயிற்சி ஆட்டங்கள், நமக்கு விடிகாலை நாலு மணிவாக்கில். மார்ச்சில் நாடுகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக். தோக்கியோவில் நடக்கும் ஆட்டங்கள் நமக்கு ஒரு மணி நேரமே முன்பின், வேலை முடிந்து வந்து பார்க்கலாம். 2023 இறுதியாட்டத்தில் ஜப்பானின் ஓதானி அமெரிக்காவின் மைக் டிரவுட்டை வீழ்த்தி 3-2 என்று முடித்ததைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

முகாம் தொடங்குவதற்குள், உங்களால் பார்க்கவே முடியாத அந்த ஒரு ஆட்டத்தை முழுதாகப் பார்த்துவிடுங்கள். அக்டோபரில் பார்க்க வேண்டாம் என்று சொன்னேன். டிசம்பரில் பாருங்கள். எழுதாமல் விட்ட பக்கம் இருந்தால் எழுதி முடியுங்கள்.

நான் போன வாரம் முடித்தேன். காலையிலிருந்து மழை, வெளியே போக வழியில்லை, மகளும் வீட்டில் இருந்தாள். 9:40-க்குப் பழைய ஆட்டத்தைப் போட்டேன். ஸ்பிரிங்கர் மட்டையெடுக்கும்வரை ஏற்கெனவே எழுதியிருந்தது. ஹூலியோ ரோட்ரிகஸின் கட்டம் நிரப்பிய வைரம், ராலியின் கட்டம் நிரப்பிய வைரம். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இதுல ஏம்ப்பா பென்சில் கோடு பாதியில நிக்குது?"

"அப்ப எழுத முடியலம்மா."

டொராண்டோவின் ஏழாவது இன்னிங்ஸ். ஆடிசன் பார்கருக்கு நாலு தவறான பந்து வீசியதால் இலவசமாக முதல் தளம், அதுவரை கோடு. கைனர்-ஃபலேஃபாவுக்கு ஒரு தளம், அதற்கும் கோடு. அடுத்து ஹிமெனெஸ் தன்னைத் தியாகம் செய்து மெதுவாகத் தட்டிவிட்ட பந்து. அவர் அவுட், முன்னால் இருந்த இருவரும் ஒவ்வொரு தளம் முன்னேறினார்கள். இதை அன்று நான் சரியாகக் கவனிக்கவே இல்லை. எல்லோரும் ஹோம் ரன்னைப் பற்றிப் பேசினார்கள்; அந்தச் சின்னத் தட்டல்தான் இரண்டு பேரையும் ரன் எடுக்கும் தூரத்துக்குக் கொண்டுவந்தது. பிட்சரை மாற்றினார்கள். அப்புறம் ஸ்பிரிங்கர். மூன்று வைரங்களையும் நானே நிரப்பினேன். கை நடுங்கவில்லை.

எட்டாவது இன்னிங்ஸ் போயிற்று. ஒன்பதாவது, இரண்டு அவுட், ஹூலியோ மட்டையோடு நிற்கிறார். அடுத்து வர ராலி தயாராக இருக்கிறார், அந்த வருடம் 60 ஹோம் ரன் அடித்தவர். பென்சிலை மகளிடம் கொடுத்தேன். ஹூலியோ மட்டையை வீசினார், பந்து கேட்சர் கையில்.

"நேர் கே-யா, திரும்பின கே-யாப்பா?"

"நேர் கேம்மா. வீசித்தான் அவுட் ஆனார்."

அவள் அழுத்தமாக எழுதினாள்.